ஜன்னலோர வெயில் ஏன் போதவில்லை?

கேள்வி: வயது 36. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை. ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் வைட்டமின் டி 11 என்று வந்தது. வலி, அசதி எதுவும் இல்லை. ஆபீஸில் ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில்தான் உட்காருகிறேன். பிறகு ஏன் குறைந்தது? நண்பர் சொல்லி, 60,000 யூனிட் மாத்திரையை ஐந்து நாளாகத் தினம் ஒன்று சாப்பிடுகிறேன். தொடரலாமா? என்னோடு 76 வயது அம்மா இருக்கிறார், அபார்ட்மெண்டைவிட்டு இறங்குவதே இல்லை.

பதில்: தொடர வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். அது தினசரி மாத்திரை இல்லை. வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, 8 வாரம்தான் கொடுப்போம். ஐந்து நாளில் பெரிய கெடுதல் வந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் மாதக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று ஆரம்பித்துச் சிறுநீரகம்வரை பாதிக்கும். ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். ஐந்து மாத்திரை உள்ளே போனதைச் சொல்லுங்கள், சிறுநீரகக் கல் வந்திருந்தால் அதையும். மீதி எத்தனை வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவார்.

சரி, வெயிலுக்கு வருவோம். தோலில் வைட்டமின் டி உருவாகப் புறஊதா பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும். கார் கண்ணாடியும் அப்படித்தான். காலை ஆறரை மணிக்கு லால்பாக்கில் நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் அந்த இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழலைப் பாருங்கள்: அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரியான நேரம். டெல்லியில் டிசம்பர் மாதம் நடுப்பகலில்கூட நிழல் நீண்டுதான் விழும். பெங்களூரு அதைவிடத் தெற்கே இருப்பதால் மார்கழியிலும் மதிய நிழல் குட்டைதான். அதை வீணாக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு 20 நிமிடம் வெளியே நடங்கள், வாரத்தில் நாலைந்து நாள். நம் கருத்த தோலுக்கு இந்த நேரம் வேண்டும். அதற்காகத் தோல் காந்தும் அளவுக்கு நிற்கக் கூடாது. சாப்பாட்டில் மத்தி மீனும் முட்டை மஞ்சள் கருவும் கொஞ்சம் உதவும்.

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம்) 2024-இல் சொன்னது, எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் 20 இருந்தால் எலும்புக்குப் போதும் என்கிற இடத்தில், 12-க்கும் கீழே என்று தெரிந்த பிறகு சும்மா விடக் கூடாது. சரிசெய்து, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். அப்புறம் வருஷா வருஷம் வேண்டாம்.

உங்களோடு 76 வயது அம்மா இருக்கிறார், அபார்ட்மெண்டைவிட்டு இறங்குவதே இல்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. 75 தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனை இல்லாமலேயே தினமும் சிறிய அளவு வைட்டமின் டி கொடுக்கலாம். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.