கஷிஷ் திரைவிழாவுக்காக ஊர்ப் பக்கத்திலிருந்து மும்பை வரை போவானேன்?

கேள்வி இது: "மும்பையில் கோடைதோறும் நடக்கும் கஷிஷ் பால்புதுமையர் திரைவிழாவுக்குச் சிற்றூர்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்களா? எல்லாம் ஓடிடியில் வந்துவிடும்போது அவ்வளவு தூரம் எதற்கு?"

போகிறார்கள். நானே போகிறேன். (பால்புதுமையர் என்றால் 'குயர்', அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்.) கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வேலை காரைக்குடியில், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். வயது 36. பெயரை மறைத்து எழுதுகிறேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள் அல்லவா, அதனால் அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து, வேறொருவர் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்துச் சன்னலில் மும்பைக்கு டிக்கெட் போட்டேன். விடியற்காலைப் பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர். அங்கிருந்து மும்பை வண்டி ஏறக்குறைய முழு ஒரு நாள். மேல் பெர்த் கிடைத்திருக்கிறது. கத்திரி வெயில் முடிந்த கையோடு கிளம்பலாம்.

ஓடிடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சுலபம். எல்லாம் வருவதில்லை. கஷிஷில் போடுகிறவற்றில் பெரும்பாலானவை குறும்படங்கள், ஆவணப்படங்கள், மாணவர்கள் எடுத்தவை. 2023இல் 41 நாடுகளிலிருந்து 110 படங்கள், அடுத்த வருடம் 46 நாடுகளிலிருந்து 133 படங்கள். அவற்றில் பத்தில் ஒரு பங்காவது பிறகு என் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம். விழாவில் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

ஆனால் நான் போவது அதற்காக மட்டும் இல்லை. அதைச் சொல்ல எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும்.

முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்), இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும் பழைய வீடு. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. ஒரு காலத்தில் ஐம்பது அறுபது பேர் புழங்கிய இடம். இப்போது ஆத்தாவும் நானும்தான். பங்காளிகள் எல்லாம் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு, வருவார்கள், சாப்பிடுவார்கள், வீட்டைப் பராமரிக்கும் செலவைப் பற்றிப் பேசுவார்கள், கிளம்பிவிடுவார்கள். காலி வீட்டில் சத்தம் எப்படிப் போகும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தெரியும். வளவில் தும்மினால் முகப்பில் கேட்கும். அந்த வீட்டில், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, எனக்கான படங்களை நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். முத்தக் காட்சிக்குப் பயந்து அல்ல. இரண்டு ஆண்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்குக்கூட ஒலியைக் குறைப்பேன். பழக்கம் அப்படி.

2020இல் கொரோனாவால் கஷிஷை இணையத்தில் நடத்தினார்கள், அடுத்த வருடமும் அப்படியே. எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள், கைப்பேசியில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். தமிழில் 'பால்புதுமையர்' என்ற சொல்லையே அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். (2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. உயர் நீதிமன்றம் கேட்டதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் பத்திரிகைகள் எங்களைக் குறிக்க எழுதிய சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.) படங்களைப் பார்த்தேனே தவிர ஒன்றிலும் சிரித்ததாக நினைவில்லை. எல்லாப் படமும் சோகப்படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023இல் துணிந்து நேரில் போனேன். வெளியூர் ஆடிட் என்று வீட்டில் பொய். ஜூன் 7 முதல் 11 வரை நடந்த விழாவில் கடைசி இரண்டு நாள்தான் முடிந்தது. லிபர்ட்டி தியேட்டர், மரைன் லைன்ஸ் பக்கம். 1949இல் திறந்த கட்டடம், 1,000க்கும் மேற்பட்ட இருக்கைகள், உள்ளே போனால் மரவேலைப்பாடு. எங்கள் பக்கத்து ஆளுக்கு மரவேலையைப் பார்த்தால் கை வைத்துத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியாது. தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஏதோ ஒரு குறும்படம். பெயர்கூட மனதில் தங்கவில்லை. ஒரு விசேஷ வீடு, ஒரு பையன், ஓர் அத்தை. அந்த அம்மாள் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்து ஏதோ கேட்கிறார். எனக்கு அந்த மொழி தெரியாது, கீழே ஓடும் எழுத்தைத்தான் நம்பி இருந்தேன். 'கல்யாணம் எப்போ?' என்று எழுத்து வருவதற்கு முன்பே அரங்கம் முழுவதும் சிரித்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை, மாடி வரிசையிலிருந்து விசிலே வந்தது. அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதே மாதிரிக் காட்சிகளைப் போர்வைக்குள் நெஞ்சு அடைக்கப் பார்த்தவன் நான். அன்று கொஞ்சம் தாமதமாக, எல்லோரும் நிறுத்திய பிறகு, நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், மறுபடி அவரும் சிரித்தார்.

இந்தத் தடவை ஐந்து நாளும் இருக்கப் போகிறேன். அந்தச் சத்தத்துக்காக.

விழாவின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்கு. 'கஷிஷ்' என்றால் உருதுவில் ஈர்ப்பு. இயக்குநர் ஸ்ரீதர் ரங்கயன் 2010இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம், 2009 ஜூலையில், டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தைரியத்தில் மல்டிபிளெக்ஸிலேயே முதல் விழாவை நடத்தினார்கள். ஏதோ வீட்டு மாடியில் பத்துப் பேருக்குத் திரை கட்டிக் காட்டியது அல்ல, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியோடு, டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்திலேயே. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரே நாளில் எல்லோரும் மறுபடி குற்றவாளிகள். என்னைப் போன்ற ஆளாக இருந்தால் அடுத்த வருடம் விழாவே வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றிருப்பேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2014 மே மாதம், அதுவரை நடத்தியதைவிடப் பெரிய இடமாக, நகரத்தின் நடுவில் இருக்கும் லிபர்ட்டியைப் பிடித்தார்கள். சட்டம் ஒளிந்துகொள் என்று சொன்ன வருடத்தில் ஆயிரம் இருக்கை. எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை மூளைக்கு இது கொஞ்சமும் ஒத்துவராத காரியம், அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. 377இன் அந்தப் பிடி ஒழிந்தது அதற்கப்புறம் நான்கு வருடம் கழித்து, 2018 செப்டம்பர் 6 அன்று.

கணக்கு என்றதும் இன்னொன்று. நகரத்தார் வீடுகளில் ஆளை எண்ண மாட்டோம், புள்ளியை எண்ணுவோம். கல்யாணத்துக்கு எங்கள் பிரிவின் நகரக் கோயிலிலிருந்து மாலை வரும், இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுவார்கள், அன்றிலிருந்து அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று. அப்புறம் வேறு வைப்பார்கள், தனி அடுப்பு, வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று. எங்கள் வளவில் எனக்கென்று ஓர் அறை பூட்டியே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை ஆத்தா திறந்து பெருக்கிவிட்டு மறுபடி பூட்டுவார். நான் மாடியில் படுக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிறவன், ஊர்க் கணக்கில் புள்ளியாக இல்லை.

சினிமாவுக்கும் எங்கள் ஊருக்கும் தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன்னால் காரைக்குடிப் பக்கம், தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டு இயங்கியது. இன்றைக்கும் இங்கே வீடுகளைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வளவில் விளக்குக் கட்டி, வாழை கட்டி, எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் அங்கே ஒரு கல்யாணம் நடத்தித்தான் பொட்டலம் கட்டுவார்கள்.

ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டில் இந்த மாதிரிப் படம் சத்தமாக ஓடியிருக்கிறது. 'காதல் தி கோர்', மம்முட்டி நடித்த மலையாளப் படம். 2023 நவம்பரில் வந்தது, இரண்டு மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது. ஜோதிகா இருக்கிறார் என்பதற்காக ஆத்தாவே போடச் சொன்னார். கதை தெரிந்தே நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கப் போகும் ஒரு மனிதர், அவர் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி இருபது வருடம் கூட வாழ்ந்த மனைவியே விவாகரத்துக் கேட்கிறார். படம் ஓட ஓட எனக்குக் கை வியர்த்துவிட்டது. டிவி சத்தம் வளவு முழுக்க எதிரொலித்தது. குறைக்க எழுந்தேன்.

"இருக்கட்டும், விடு" என்றார் ஆத்தா.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரும் பாவம்தான். ஆனா அந்தப் பொம்பளப் பிள்ளையோட இருவது வருசத்தை யாரு திருப்பிக் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டில் ஜாதகப் பேச்சே இல்லை. நான்காவது மாதம் பெரியாத்தா ஒரு ஜாதகத்தோடு வந்தார், பழையபடி ஆரம்பித்தது. அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் அர்த்தம் கற்பிக்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்னையிலேயே இப்படி ஒரு விழா இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. ஓரினம் அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் 'ரீல் டிசையர்ஸ்', நுங்கம்பாக்கம் கோத்தே நிலையத்தில் நடக்கும். நல்ல விழா என்று கேள்வி. என் பிரச்சினை, நுங்கம்பாக்கத்தில் என் அம்மான் வீடு இருக்கிறது, இரண்டு தெரு தள்ளி ஆச்சி வீடு, தி.நகரில் பாதிக் காரைக்குடி. தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே வந்தால் யாராவது, "எப்ப வந்தே?" என்பார்கள். மும்பையில் அந்தத் தொல்லை இல்லை. என் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவுக்கு மூன்று வருடக் கணக்குக்குப் போய்ப் போய் வந்தவர். அங்கே எப்படி வாழ்ந்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லையாம். தேக்கு வந்தது, அது போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு ஐந்து நாள் கணக்குத்தான், தேக்கும் வராது.

போக நினைக்கிறவர்களுக்கு: 18 வயது முடிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே இணையத்தில் டெலிகேட் பதிவு செய்துவிடுங்கள். எந்தப் படம் எந்த அரங்கில் என்பதை அட்டவணை வந்ததும் பார்த்துக்கொண்டு தங்குமிடம் பிடியுங்கள், மும்பையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் ஒரு படம் முடிந்துவிடும். நான் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவில் தங்குவேன், காலையில் இட்லிக்குக் கவலை இல்லை. ஜூன் என்றால் குடை கட்டாயம். குறும்படத் தொகுப்புகளைத் தவறவிடாதீர்கள், முழுநீளப் படத்தை எங்கேயாவது பிடித்துக்கொள்ளலாம். இளம் இந்திய இயக்குநர்களுக்கு, மறைந்த இயக்குநர் ரியாத் வாடியா பெயரில் ஒரு விருது தருகிறார்கள், அந்தப் போட்டிக்கு வரும் படங்களைத்தான் நான் முதலில் குறித்து வைப்பேன்.

இந்த வருடம் ஒரு சிக்கல். விழா நடக்கிற அதே வாரம், வைகாசி முகூர்த்தத்தில், பங்காளி வீட்டில் கல்யாணம். போகாமல் இருந்தால் கேள்வி வரும். ஆடிட் என்ற பொய்யை இந்தத் தடவை சொல்ல மனம் வரவில்லை, ஜூனில் எனக்கு வெளியூர் ஆடிட் கிடையாது என்று ஆத்தாவுக்கும் இப்போது தெரியும். போன ஞாயிறு இரண்டாங்கட்டில் ஆத்தா சீப்புச் சீடை சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"பம்பாய்ல என்னப்பா?"

"சினிமா, ஆத்தா. அஞ்சு நாள் தொடர்ந்து போடுவாங்க."

"அந்த ஜோதிகா படம் மாதிரியா?"

"அது மாதிரியும் இருக்கும்."

கை நிற்கவில்லை, சீடை ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குத் தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றார். யார் கேட்டாலும் என்ன சொல்வது என்று கேட்கவில்லை. நான் எழுந்து மாடிப்படி ஏறும்போதுதான் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார், வளவு முழுக்கக் கேட்டது.

"ஏசி கொட்டகையா இருக்கும். ஒரு துண்டு எடுத்து வச்சுக்க."