வேக்குவம் கிளீனருக்கு என்ன கட்டை?

வீட்டுச் சாமான்களை வைத்து நடக்கும் சிரிப்புக் கச்சேரிகளைப் பற்றி, வேக்குவம் கிளீனருக்குக்கூட நொட்டேஷன் (ஸ்வரக் குறிப்பு) உண்டு என்று, நேற்று இரண்டு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகள். நான் ஒரு பொழுதுபோக்கு ஆர்கெஸ்ட்ராவில் ரொம்ப வருஷமாகத் தாளவாத்தியம் தட்டுகிறவன், அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: வேக்குவம் கிளீனருக்கு நிஜமாகவே நொட்டேஷன் எழுதியிருக்கிறார்களா, இல்லை நீங்கள் விடும் கதையா?

நிஜம்தான். 1956 நவம்பர் 13, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். ஜெரார்ட் ஹாஃப்னுங் என்று ஒரு கார்ட்டூனிஸ்ட், பெர்லினில் பிறந்து சிறுவயதிலேயே லண்டனுக்கு வந்தவர், டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பார், சங்கீதக்காரர்களைக் கிண்டல் செய்து படம் போடுவார். அந்தப் படங்களுக்கே உயிர் வந்தது போல ஒரு விழா நடத்தினார். அதற்காக ஆங்கிலேய இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் எழுதியதுதான் 'எ கிராண்ட், கிராண்ட் ஓவர்ச்சர்' (ஓவர்ச்சர் என்றால் ஆர்கெஸ்ட்ராவின் தொடக்க இசை): மூன்று வேக்குவம் கிளீனர், ஒரு தரை பாலிஷ் மெஷின், நாலு துப்பாக்கி, கூடவே முழு ஆர்கெஸ்ட்ரா. காணிக்கை யாருக்கு என்றால் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிரசிடெண்ட் ஹூவருக்கு! இங்கிலாந்தில் வேக்குவம் கிளீனருக்கே ஹூவர் என்று கம்பெனிப் பேர்தான் பேர், நாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. ஆர்னால்ட் சும்மா ஜோக்கடிக்கிற ஆள் இல்லை. அடுத்த வருஷம் வந்த குவாய் நதிப் பாலம் படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர். அந்தப் பாலத்தைக் கட்டி வெடித்தது இலங்கையில், கித்துள்கலவில்.

கேள்வி: அண்ணா, கிளீனர் ஒரே மாதிரி 'ஊ' என்றுதானே கத்தும், சுருதி எங்கே வந்தது?

அந்த 'ஊ' தான் சுருதி. உள்ளே மோட்டார் நொடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றுகிறது, விசிறித் தகடுகள் காற்றை வெட்டுகின்றன, அதுதான் ஸ்வரமாகக் கேட்கிறது. ஆர்னால்ட் இரண்டு கிளீனரை பி ஃபிளாட்டிலும் ஒன்றை சி-யிலும் பாலிஷ் மெஷினை இ ஃபிளாட்டிலும் போட்டார், இவை மேல்நாட்டு ஸ்வரப் பெயர்கள், அதாவது நம்ம சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை, ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை. எந்த மெஷினும் அப்படி அச்சாக நிற்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன, ஆனால் கிளாரினெட் வாத்தியத்துக்குப் போடுவது போலவே பவ்யமாகப் போட்டிருக்கிறார் பாருங்கள், ஜோக்கே அங்கேதான். வீட்டில் செய்து பாருங்கள்: கிளீனர் ஓடும்போது குழாய் வாயை உள்ளங்கையால் மூடினால் சுருதி ஏறும். அடைத்தால் மோட்டார் திணறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. இழுக்கக் காற்று இல்லாததால் சுமை குறைந்து வேகமாகச் சுற்றுகிறது. மிக்ஸியில் தேங்காய் போட்டதும் சத்தம் இறங்குகிறதே, அதன் மறுபக்கம் இது. (ரொம்ப நேரம் மூடி வைக்காதீர்கள், சூடாகிவிடும்.)

கேள்வி: துப்பாக்கி எதற்கு?

கிளீனர்காரர்களைச் சுட. கடைசியில் நாலு பேரையும் சுட்டு வீழ்த்துவார்கள், வெற்றுத் தோட்டாதான். அப்புறமும் ஆர்கெஸ்ட்ரா முடிகிற மாதிரி முடிந்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி முடியும். 2009-இல் லண்டனில் வருஷாவருஷம் நடக்கும் ப்ராம்ஸ் இசை விழாவின் நிறைவு நாளில் இதை வாசித்தபோது பாலிஷ் மெஷினைத் தள்ளியவர் டிவியில் இயற்கைப் படங்கள் எடுக்கும் டேவிட் அட்டன்பரோ, 83 வயதில்.

கேள்வி: சார், காலேஜ் கல்ச்சுரல்ஸில் இதைச் செய்யலாம் என்று இருக்கிறோம். டிப்ஸ்?

முதலில் கரண்டைப் பாருங்கள். நாங்கள் ஒரு குடியிருப்பு விழாவில் மூன்று கிளீனரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போட்டோம், எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக அணைகிற ஸ்விட்ச்) விழுந்து மேடை இருட்டு. ஜனங்கள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒவ்வொன்றும் 1,400 வாட்ஸ், மூன்றும் சேர்ந்து 4,200. 16 ஆம்ப் சாக்கெட் 230 வோல்ட்டில் தருவது 3,680. தனித்தனி சர்க்யூட்டில் போடுங்கள்.

இரண்டாவது, யாரும் சிரிக்கக் கூடாது. கிளீனர்காரர் கோட்டு சூட்டில் வந்து, வணங்கி, கண்டக்டரையே (பஸ் கண்டக்டர் இல்லை, கையசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்) பார்த்துக்கொண்டு 32 மாத்திரை எண்ணி, சரியான இடத்தில் ஸ்விட்சைத் தட்ட வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் முதல் வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அதோடு சபை அடங்கிப்போனது. வாசிப்பவர் சிரித்தால் கேட்பவருக்கு வேலை இல்லை.

கேள்வி: தோட்டத்து ஹோஸில் ஒருவர் வாசித்தாராமே, அது ஏமாற்று வேலைதானே?

இல்லவே இல்லை. அதே 1956 விழாவில் டென்னிஸ் பிரெயின், அந்தக் காலத்தின் பெரிய ஹார்ன் (பித்தளை ஊதுவாத்தியம்) கலைஞர், மோட்ஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் மோட்ஸார்ட் எழுதிய கான்செர்ட்டோவின் (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த இசை) பகுதி ஒன்றை ரப்பர் ஹோஸில் வாசித்தார். ஹார்ன் என்பதே சுருட்டி வைத்த நீளக் குழாய்தான், ஊதுவாய் வைத்து உதடு அதிர்ந்தால் எந்தக் குழாயும் பேசும். சுருதி சேர்க்கத் தோட்டத்துக் கத்திரியால் ஹோஸை நறுக்கினார். கூடுதலாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. மறுவருஷமே கார் விபத்தில் போய்விட்டார், 36 வயது.

கேள்வி: டைப்ரைட்டர் பாட்டு?

டைப்ரைட்டரையே வாத்தியமாக வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் எழுதியது, 1950. எல்லா எழுத்து விசைகளையும் அடித்தால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு விசை மட்டும் வேலை செய்கிற மாதிரி மாற்றிக்கொள்வார்கள். வாசிப்பது டைப்பிஸ்ட் இல்லை, என்னைப் போன்ற தாளக்காரர்தான்.

கேள்வி: ஜலதரங்கத்தில் கிண்ணம், கடத்தில் பானை. நாம் அப்போதே செய்யவில்லையா?

பொருள் ஒன்று, நோக்கம் வேறு. ஜலதரங்கத்தைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, கடமும் தண்ணீர்ப் பானை இல்லை, மானாமதுரையில் அதற்கென்றே தனி மண் குழைத்துச் செய்கிறார்கள். நம்ம சமையலறைக்கு நெருக்கம் என்றால் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ்தான். 1960-இல் அமெரிக்க டிவியில் குளியல் தொட்டி, பிரஷர் குக்கர், மிக்ஸி, ரப்பர் வாத்து எல்லாம் வைத்துக் கையில் ஸ்டாப்வாட்சோடு வாசித்தார். ஐந்து ரேடியோவும் உண்டு, ஆனால் பிளக்கை யார் சொருகுவது என்று தொழிற்சங்கங்களுக்குள் தகராறு, அதனால் ரேடியோக்களைத் தட்டி, மேஜையிலிருந்து தள்ளிவிட்டார். சபை சிரித்தது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை.

கேள்வி: மாவு கிரைண்டரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் 100 ஹெர்ட்ஸில் முனகும், அஞ்சு கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே. தம்பூராவை அதற்குச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லைத் தூக்கிக்கொண்டு மேடையேற ஆள் பிடிப்பது உங்கள் பாடு.