முதல் பந்தியோடு எழுந்துவிட்டவருக்கு

கேள்வி: டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டின் 1977 முதல் ஆல்பம் எனக்கு உயிர். அதற்கப்புறம் ஆல்பத்துக்கு ஆல்பம் பாணியை மாற்றி, ஆப்பிரிக்கத் தாளத்தை இரவல் வாங்கி, சொந்த முகத்தையே தொலைத்துவிட்டார்கள். எழுபதுகளின் நியூ வேவ் ராக் என்றாலே எளிமைதானே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எளிமை வேண்டுமென்றால் நீங்கள் ராமோன்ஸ் என்ற பங்க் பேண்டைக் கேட்டிருக்க வேண்டும். 1975இல் நியூயார்க் சிபிஜிபி கிளப்பில் அவர்களுடைய கச்சேரிக்கு முன்னால் வாசிக்கத்தான் டாக்கிங் ஹெட்ஸ் முதன்முதலில் மேடை ஏறினார்கள். அப்போதே அந்தக் கூட்டத்தில் இவர்கள் ஒட்டவில்லை.

சரி, உங்கள் உயிரான ஆல்பத்துக்கே வருவோம். அதிலுள்ள 'சைக்கோ கில்லர்' பாட்டு எதில் தொடங்குகிறது? பாடகர் டேவிட் பைர்னின் குரலிலா? இல்லை, டீனா வேமவுத்தின் பேஸ் கிடாரில். தும் தும் தும் என்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்த நடை. பேண்டுக்கு பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காததால் அவர் அந்த வாத்தியத்தையே புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தவர். கிடாரும் அங்கே மெட்டு வாசிப்பதைவிட வெட்டி வெட்டித் தாளம்தான் போடுகிறது. ஆக, நீங்கள் 'முகம்' என்று சொல்வது முதல் நாளிலிருந்தே தாளம்தான். பைர்னின் பதற்றக் குரல் முன்னால் நின்று மறைத்ததால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1978இல் பிரையன் ஏனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் தயாரிப்பாளராக வந்ததும் அந்தத் தாளத்தை இன்னும் முன்னால் இழுத்து வைத்தார். சோல் பாடகர் அல் கிரீனின் பாட்டு ஒன்றை வேகம் குறைத்து, சேற்றில் நடப்பது போல வாசித்தார்கள். அது அமெரிக்காவில் முதல் 30க்குள் போனது. 1979 ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஐ ஜிம்ப்ரா'. வரிகளுக்கு அர்த்தமே கிடையாது, அர்த்தத்தையே தூக்கி எறிந்த டாடாயிசக் கலை இயக்கத்தின் கவிஞர் ஹூகோ பாலின் உளறல் கவிதை அது. சொல்லுக்குப் பொருள் போனதும் காதுக்கு மிஞ்சுவது தாளம் மட்டும்தானே? 1980க்கான கதவு திறந்தது அங்கேதான்.

அந்த வருடம் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்துக்காக பஹாமாஸில் நாசோ நகரத்து ஸ்டூடியோவுக்குப் போகும்போது கையில் முடிந்த பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, அதில் நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொன்றை அடுக்குவது, கடைசியில் பைர்ன் வந்து வார்த்தை போடுவது. 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: மேலே பைர்ன் ரேடியோ பாதிரியார் மாதிரி பிரசங்கம் செய்கிறார், கோரஸ் வருகிறது, போகிறது, கீழே அந்தத் துண்டு மட்டும் அசையாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று வருடம் முன்னால் 'தும் தும்' என்று நடந்த அதே கைதான்.

இரவல் என்றீர்களே, அதில் பாதி நியாயம் உண்டு. நைஜீரியாவின் ஃபேலா குட்டியைக் கேட்காமல் அந்த ஆல்பம் இல்லை. ஆனால் அவர்கள் அதை மறைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறிப்பிலேயே ஆப்பிரிக்க இசை பற்றிய புத்தகங்களின் பட்டியலைச் சேர்த்து அனுப்பினார்கள். உண்மையான தகராறு வீட்டுக்குள்தான் நடந்தது. எல்லாரும் சேர்ந்து அடுக்கிய பாட்டு யார் பெயரில் என்பதில் மனக்கசப்பு வந்தது. உறையில் பைர்ன் பெயரும் ஏனோ பெயரும் தனியாக முன்னால் நிற்க, மற்ற மூவரும் பேண்டின் பெயருக்குள் அடங்கிப்போனார்கள். பிந்தைய பதிப்புகளில்தான் ஐந்து பெயரும் வந்தன. பிரையன் ஏனோவும் அதோடு கிளம்பிவிட்டார்.

நீங்கள் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. நீங்கள் கேட்டதை அவர்கள் 1985இல் கொடுத்தார்களே! 'லிட்டில் கிரீச்சர்ஸ்' ஆல்பத்தில் அடுக்கு இல்லை, சுழல் இல்லை, தலையும் வாலும் உள்ள சின்னச் சின்னப் பாட்டுகள். அமெரிக்காவில் அவர்களுடைய ஸ்டூடியோ ஆல்பங்களிலேயே அதிகம் விற்றதும் அதுதான். எனக்கு அதில் இரண்டு பாட்டு பிடிக்கும், மிச்சம் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, குறை சொல்ல ஒன்றும் இல்லை, போட்டுக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. 1988இல் பாரிஸுக்குப் போய் அங்கிருந்த ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு வாசித்துக் கடைசி ஆல்பத்தை முடித்தார்கள். 1991இல் பேண்டே முடிந்தது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 1984இல் வந்த அவர்களுடைய 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' கச்சேரிப் படத்தைப் பாருங்கள், ஜானதன் டெம்மி எடுத்தது. காலி மேடையில் பைர்ன் ஒற்றைக் கிடாரோடு உங்கள் 'சைக்கோ கில்லர்' பாட்டைப் பாடுகிறார். அடுத்த பாட்டுக்கு டீனா வந்து நிற்கிறார், அப்புறம் டிரம்ஸைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அப்புறம் பேண்டின் நாலாவது ஆள் ஜெர்ரி ஹாரிசன், அப்படியே பாட்டுக்குப் பாட்டு ஆள் சேர்ந்து ஒன்பது பேர். நீங்கள் முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விட்டு, மேடையில் ஆளே இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.