அடிக்கவில்லையே, பிறகென்ன? – உளவளத்துணையாளர் பதிலளிக்கிறார்

கேள்வி (கல்லடி): என் கணவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. கறியில் உப்புக் கூடினால் மூன்று நாள் பேசமாட்டார். இது வன்முறையா?

பதில்: தங்கச்சி, கோபத்தில் வாய் மூடுவது எல்லா வீட்டிலும் உண்டு, அதையே தண்டனையாக்குவது வேறு. படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் தொலைக்காட்சியை அவசரமாக நிறுத்துகிறீர்களா, அம்மா வீட்டுக்குப் போவதைக் குறைத்துவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாரதூரமான கொடுமையும் இழிவுபடுத்தலும் தொடர்ச்சியாக நிகழ்ந்தால், உடலில் காயமே இல்லாவிட்டாலும் அதனை உணர்வுரீதியான துன்புறுத்தலாகக் கொள்கிறது. தொடர்ச்சியைக் காட்ட நாளையும் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதி வையுங்கள். அவர் திறந்து பார்க்கும் கைபேசியில் மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): சீதன வீடு என் பெயரில் உள்ளது. விற்கக் கையொப்பம் போடு என்று இரவிரவாக நச்சரிக்கிறார்.

பதில்: நீங்கள் ஒப்பமிடாமல் விற்க முடியாது என்பதால்தான் அந்த நச்சரிப்பு. உறுதியின் மூலப்பிரதியை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். அவர் அவ்வீட்டுக்குள் நுழைவதையே தடுக்கக்கூடிய அக்கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். விண்ணப்பிக்கப் போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி மிரட்டாதீர்கள்.

கேள்வி: காதலன் கடவுச்சொல் கேட்கிறான். அன்புதானே?

பதில்: இன்று நான்காவது முறையாக இதே கேள்வி. கொடுக்காதீர்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். "எங்கள் கூரைக்குள் இருக்கிறாய்" என்று தினமும் குத்திக்காட்டினால்?

பதில்: அதுவும் துன்புறுத்தல்தான், தம்பி. சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை.

குறுக்கீடு (கல்முனை): அப்படியானால் வீடு வைத்திருக்கும் பெண்ணுக்கு என்ன பயம்?

பதில்: உறுதி அவளுடைய பெயரில் இருக்கலாம், வங்கி அட்டையும் அலுமாரித் திறப்பும் யார் சட்டைப்பையில் இருக்கின்றன? சொந்த வீட்டில், சொந்தச் சம்பளத்தில், பஸ் காசுக்குக் கை நீட்டும் ஆசிரியைகளை நான் கண்டிருக்கிறேன். அக்கரைப்பற்றுத் தம்பியின் வேதனையைச் சொல்வதற்கு அவர்களுடைய வேதனையை மறுக்கத் தேவையில்லை.

மறுகுறுக்கீடு (கல்முனை): ஆசிரியைகள் என்றால் வாய் பேசத் தெரியாதா?

பதில்: தெரியும். பேசிய அன்றிரவு என்ன நடந்தது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், அண்ணன்.

கேள்வி: பிள்ளைச் செலவுப் பணம்?

பதில்: அது பராமரிப்பு வழக்கு, சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கேள்வி: இப்போதே யாரிடமாவது பேச வேண்டும்.

பதில்: பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் பக்கம் வந்தால், வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் நட்பு நிலையத்தைக் கேளுங்கள். அழைப்பதானால் அயல்வீட்டுக் கைபேசியிலிருந்து அழையுங்கள்.