பெட்ரோல் விலையும் பசுமைக் கட்சியும்: கேள்வி பதில்

ஜெர்மனியின் பசுமைக் கட்சி 2021 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் கொடுத்த வாக்குறுதிகளைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, அவ்வளவு பேசப்பட்ட அந்தத் தேர்தல் அறிக்கையில் என்னதான் இருந்தது?

பதில்: எண்ணோ ஆண்டோ போட்டு எழுதியதை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் எல்லாக் கட்சியும் எழுதுவதுதான். பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 2030க்குள், 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 70 விழுக்காடு குறைப்பது. நிலக்கரி மின்சாரத்துக்குச் சட்டம் 2038 வரை அவகாசம் கொடுத்திருந்தது. அதை 2030இலேயே நிறுத்துவது. நாட்டின் நிலப்பரப்பில் 2 விழுக்காட்டைக் காற்றாலைகளுக்கு ஒதுக்குவது. விரைவுச் சாலைகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேக வரம்பு. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 யூரோ. பெட்ரோல் விலையை ஏற்றும் கரியமில வாயு விலையைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதல் இலக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதே ஆண்டு, காலநிலைச் சட்டம் போதாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் குட்டு வைத்த பிறகு, அன்றைய பிரதமர் மெர்க்கலின் அரசே தன் இலக்கை 55 விழுக்காட்டிலிருந்து 65 ஆக உயர்த்திவிட்டது.

கேள்வி: சுற்றுச்சூழல் கட்சிக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் என்ன வேலை?

பதில்: எரிபொருள் விலையை ஏற்றப் போகும் கட்சி, அதை வாங்குபவரின் கையிருப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தேர்தலுக்குப் பின் சமூக ஜனநாயகக் கட்சி, தாராளவாதக் கட்சி இரண்டோடும் சேர்ந்து பசுமைக் கட்சி கூட்டணி அரசு அமைத்தது. 12 யூரோ 2022 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சமூக ஜனநாயகக் கட்சியும் அதையே கேட்டதால் பெயர் அவர்களுக்குப் போனது.

கேள்வி: தேர்தலுக்கு முன்னால் பெட்ரோல் விலையை ஏற்றுவோம் என்று யாராவது சொல்வார்களா? அரசியல் தெரியாதவர்களா இவர்கள்?

பதில்: ஒருமுறை சூடுபட்டவர்கள்தான். 1998 மார்ச்சில் மாக்டெபுர்க் மாநாட்டில், பெட்ரோல் விலையைப் படிப்படியாக லிட்டருக்கு 5 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) வரை கொண்டுபோவோம் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைய விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ‘படிப்படியாக’ என்பதை யார் படித்தார்கள்? 5 மார்க் மட்டுமே நின்றது. அந்த ஆண்டுத் தேர்தலில் 6.7 விழுக்காடு வாக்கோடு சமூக ஜனநாயகக் கட்சியின் ஷ்ரோடர் தலைமையிலான கூட்டணி அரசில் நுழைந்தபோது, 1999இல் வந்த வரி உயர்வு லிட்டருக்கு வெறும் 6 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்).

2021இல், எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவுக்கு 2023 முதல் டன்னுக்கு 60 யூரோ விலை வைப்போம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.4 கிலோ வாயு வருகிறது. டன்னுக்கு 60 யூரோ என்றால் லிட்டருக்கு 14 சென்ட் சொச்சம். 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்தால் 17 சென்ட். மெர்க்கல் அரசு ஏற்கெனவே இயற்றியிருந்த சட்டப்படி 2025இல் 55 யூரோ. அதற்கு 15, 16 சென்ட் வரும். வேறுபாடு ஒன்றரை சென்ட்டும் இரண்டு ஆண்டும்தான்! ஆனால் வாயைத் திறந்து எண்ணைச் சொன்னவர் பசுமைக் கட்சியின் பிரதமர் வேட்பாளர் அன்னலேனா பேர்பாக். திட்டு முழுவதும் அவருக்கே விழுந்தது.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். வசூலாகும் பணத்தைக் குழந்தை உட்படத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகத் திருப்பித் தருவதாகவும் அதே அறிக்கையில் இருந்தது. அதிகம் எரிப்பவர் வசதியானவர் என்பதால், ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதில் லாபமே வந்திருக்கும். மேடையில் விலையை முதலில் சொல்லி, திருப்பித் தருவதை மூன்றாவது வாக்கியத்துக்குத் தள்ளிவைத்தால் யார் காதில் விழும்? பிறகு கூட்டணி ஒப்பந்தத்திலும் அந்தத் திட்டம் இடம்பெற்றது. 2024 நவம்பரில் கூட்டணி உடையும்வரை ஒரு யூரோகூட யார் கைக்கும் போகவில்லை. விலை மட்டும் ஏறியது.

கேள்வி: வேக வரம்பு என்ன ஆனது?

பதில்: கூட்டணிக்குள் வந்த தாராளவாதக் கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. பொதுவான வேக வரம்பு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். செலவே இல்லாத வாக்குறுதி அது. முதலில் போனதும் அதுதான்.

கேள்வி: நிலக்கரி எரியும்போதே அணு உலையை மூடியது மடத்தனம் இல்லையா?

பதில்: வாயுக் கணக்கை மட்டும் பார்த்தால் வரிசை தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 1980இல் கார்ல்ஸ்ரூவில் தொடங்கிய அந்தக் கட்சிக்கு அணு உலை எதிர்ப்புதான் தொட்டில். பழியை அவர்கள்மேல் மட்டும் போடுவதும் சரியில்லை. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011இல் 2022 என்று கெடு வைத்தது மெர்க்கல் அரசு. உக்ரைன் போரால் கெடு சில மாதம் தள்ளிப்போய், கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.

கேள்வி: அப்படியானால் 2030இல் நிலக்கரி நிற்குமா? லூட்செராத் கிராமத்தை இடித்தது இவர்கள்தானே?

பதில்: இரண்டும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்கள். 2022 அக்டோபரில், பழுப்பு நிலக்கரி தோண்டும் ஆர்.டபிள்யு.இ. நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ரைன் பகுதியில் 2038க்குப் பதிலாக 2030இலேயே நிறுத்துவது, சுரங்கத்துக்கு இரையாக இருந்த ஐந்து கிராமங்கள் தப்பிக்கும், லூட்செராத் போகும். அரசுத் தரப்பில் பேரம் பேசிய அன்றைய மத்தியப் பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக், அந்த மாநிலத்தின் அமைச்சர் மோனா நொய்பாவுர், இருவருமே பசுமைக் கட்சியினர். 2023 ஜனவரியில் லூட்செராத்தை இடிப்பதை எதிர்த்து மரத்தின்மேல் குடில் கட்டி உட்கார்ந்திருந்த இளைஞர்களைக் காவல்துறை இறக்கியபோது, அவர்களில் பலர் அந்தக் கட்சிக்கே வாக்களித்திருப்பார்கள் என்பது என் ஊகம். கிழக்கே லவுசிட்ஸ் சுரங்கங்களுக்கு இன்னும் 2038தான் கெடு.