பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) தொட்டிக்கு இயற்கையாகத் தெரிகிற, ஆபத்தில்லாத தரை எது? தேரி மண், ஆற்று மணல் போடலாமா?

பாளையங்கோட்டையில் வீடு, நான்கடிக்கு இரண்டடி கண்ணாடித் தொட்டி, இதுவரை செய்தித்தாள் விரிப்பு. இனி பார்க்க இயற்கையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேரி மண், ஆற்று மணல் இரண்டுமே வேண்டாம். நம் ஊரில் இதற்குத் தோதான பொருள் தென்னையிலிருந்து வருவதுதான்: கோகோ பீட்டும் (தேங்காய் நார்த்தூள்) தேங்காய் மட்டைச் சில்லும்.

காரணம் அந்தப் பாம்பின் பிறப்பிடத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் பால் பைத்தான் பகல் முழுக்க எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும். வெளியே தரை காய்ந்திருந்தாலும் வளைக்குள் ஈரக்காற்று நிற்கும். ஆகவே தொட்டித் தரை மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்க வேண்டும். அழகை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சாத்தான்குளம் பக்கத்துத் தேரியின் சிவப்பு கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் அந்த மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, காய்ந்தால் புழுதி. தீனியாகப் போடும் நனைந்த எலியில் ஒட்டிக்கொண்டு பாம்பின் குடலுக்குள்ளும் போகும். தாமிரபரணி மணலுக்கும் இதே குறை, அதை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். கரிசல் நனைந்தால் அப்பும், காய்ந்தால் பாளமாக வெடிக்கும். உமியின் கூர்முனை வாயில் குத்தும். மரக்கடைத் தூள் எந்த மரத்துடையது என்று யாருக்கும் தெரியாது. பைன், தேவதாரு கலந்திருந்தால் அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சைக் கெடுக்கும்.

இனி அளவு. நான்கடிக்கு இரண்டடியில் மூன்று அங்குல உயரம் என்றால் 2 கன அடி, கிட்டத்தட்ட 57 லிட்டர். 5 கிலோ கோகோ பீட் கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். அதில் 40 லிட்டர் எடுத்து, 20 லிட்டர் மட்டைச் சில்லு கலந்தால் போதும். மிச்சத்தை உலர்த்திக் கட்டி வையுங்கள், பின்னால் நிரப்ப உதவும். வெறும் பீட் மட்டும் போட்டால் காய்ந்ததும் தூசி பறக்கும், நனைந்ததும் களிபோல் அமுங்கும். சில்லு இருந்தால்தான் இடையில் காற்று நிற்கும். வாங்கும்போது உரமோ வேப்பம்புண்ணாக்கோ கலக்காத கட்டியா என்று கேட்டு வாங்குங்கள். நர்சரிகளில் கலந்தும் விற்பார்கள்.

பலரும் சறுக்குவது உப்பில்தான். கடலோரத்து மட்டையிலும் உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலும் உப்பு நிறைய இருக்கும். கழுவாமல் போட்டால் தரை காயும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும், தொட்டியில் செடி நட்டிருந்தால் அதன் இலை ஓரம் கருகும். கட்டியை டிரம்மில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நைலான் வலைப் பையில் கொட்டி வடியவிடுங்கள். இப்படி மூன்று முறை. வீட்டில் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) இருந்தால் வடிகிற தண்ணீரை அளந்து பாருங்கள்; ஊற்றிய தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நிறுத்தலாம். ஆற்றுக் குழாய்த் தண்ணீர் நல்லது. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்தில் சில போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவிப் பயனில்லை.

கழுவியதைத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டு, அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. அந்தப் பதத்தில் தொட்டியில் போடலாம். மேல்பரப்பு தானாகவே ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

அதன்பிறகு மேலே தெளிக்காதீர்கள். தெளித்தால் பாம்பு படுக்கிற இடம் நனையும், அடி காய்ந்தே கிடக்கும். வயிற்றுச் செதில் சிவந்து அழுகுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். எதிரெதிர் மூலைகள் இரண்டில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று ஊற்றினால் அடியில் பரவிக்கொள்ளும். டிஜிட்டல் ஈரமானியைப் பாம்பு கிடக்கும் உயரத்தில் வையுங்கள். 55 முதல் 70 சதவீதம் போதும். தோல் துண்டு துண்டாக உரிந்தால் ஈரம் போதவில்லை. கண்ணாடியில் எப்போதும் நீர் கோத்திருந்தால் ஈரம் அதிகம். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது வாரம் இருமுறைகூட ஊற்ற வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றுவதையே நிறுத்தி, மூடியின் காற்றுவழியைத் திறந்துவிட வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, சாரல் காலத்தில் அங்கே காற்றே ஈரம்.

இயற்கைத் தோற்றத்துக்கு மா இலை, நாட்டு வாதுமை இலைச் சருகு மேலே ஒரு கை கனத்துக்குத் தூவலாம். மருந்து அடிக்காத மரத்தில் பொறுக்கி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அரளி, எருக்கு கிட்டவே வரக்கூடாது. பதுங்கக் காருகுறிச்சி மண்பானையைப் பாதியாக உடைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட நன்றாக இருக்கும். பானையைப் பீட்டின் மேல் வைக்காதீர்கள். பாம்பு அடியில் தோண்டினால் அது சரிந்து மேலே உட்காரும். முதலில் கண்ணாடித் தளத்தில் பானை, பிறகு சுற்றிலும் பீட்.

தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடாக்கும் மின்விரிப்பு) இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மூன்று அங்குல பீட் சூட்டை மேலே விடாது; பாம்பு தோண்டிக் கீழே போனால் சுடுகண்ணாடியில் வயிறு வெந்துபோகும். சூடு மேலிருந்து, தெர்மோஸ்டாட்டோடு (சூட்டை அளவில் நிறுத்தும் கருவி) வரட்டும். சித்திரை வெயிலில் சூடாக்கும் கவலையே இருக்காது, குளிர்ந்த மூலை 27 டிகிரியைத் தாண்டாமல் காப்பதுதான் பாடு.

எறும்பும் கரையானும் கோகோ பீட்டைத் தேடி வரும். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் அறைக்குள்ளேயே வேண்டாம், அவற்றில் உள்ள பூச்சிமருந்து பாம்பையும் கொல்லும். தொட்டி இருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலத்துச் சமையலறை அலமாரிக்குச் செய்ததுதான்.

எலியை ஓட்டுத் துண்டில் வைத்துக் கொடுங்கள். எச்சத்தையும் வெள்ளைக் கட்டியையும் (பாம்பின் கெட்டியான சிறுநீர்) பார்த்த அன்றே, சுற்றியுள்ள ஒரு பிடி பீட்டோடு அள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்; அம்மோனியா நெடியோ வெள்ளைப் பூஞ்சணமோ அடிக்கடி வந்தால் அதற்கு முன்பே.

பாம்பு வந்து இரண்டு மாதம் ஆகவில்லையென்றால் செய்தித்தாளே இருக்கட்டும். கறுப்புப் புள்ளிபோல் ஓடும் பாம்புப் பேன் தாளில் தெரியும், பீட்டில் தெரியாது. வாங்கிய ரசீதோடு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டீர்களா என்றும் பாருங்கள், பால் பைத்தானுக்கு அது கட்டாயம். இந்த முறையைப் படித்துவிட்டு யாரும் சாரையையோ மண்ணுளியையோ தொட்டியில் வைக்க வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.