ஏற்காட்டில் எங்கள் ஊர்ப்பள்ளிக்கு ஊரே பணம் திரட்டலாமா? அது அரசின் வேலை இல்லையா?

ஆசிரியர் சம்பளம், கட்டடம், பாடநூல், சத்துணவு எல்லாம் அரசின் கடமை. ஆசிரியர் இல்லையென்றால் மனு எழுதுங்கள், வசூலில் இறங்காதீர்கள். ஊர் தாங்க வேண்டியது மாதச் சில்லறைச் செலவைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். மாதம் 833. சாக்பீஸ், பினாயில், பல்பு, குழாய், ரிப்பேர் எல்லாம் அதற்குள். 2024-25ல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான தன் பங்கையே நிறுத்திவைத்தது.

ஊரார் பள்ளிக்குப் பொருள் வாங்கி ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுக்கும் கல்விச் சீர் நல்ல வழக்கம். மேளதாளத்தோடு கடிகாரமும் பீரோவும் வந்துவிடும். ஆனால் பெண் பிள்ளைகள் கழிப்பறையின் தாழ்ப்பாள் ஈரத்தில் துருப்பிடித்து ஸ்க்ரூ கழன்று விழுந்தால், அதை மாற்ற யாரிடமும் காசு இருக்காது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் பிள்ளை போகமாட்டாள். போகாமல் இருக்கவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள். என்னைக் கேட்டால், ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் இதற்குத்தான் பணம் வேண்டும்.

40 வீடுகள் மாதம் 50 ரூபாய் போட்டால் 2,000. மலையில் மாத வசூல் நிற்காது. காபி, மிளகு எடுத்துக் கையில் காசு புழங்கும் தை, மாசியில் ஆண்டுக்கு 600 என்று ஒரே தடவையாக வாங்குவது நடக்கும். முடியாத வீட்டை விட்டுவிடுங்கள். பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்றோ, சேர்க்கையின்போதோ கேட்கவே கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி அது குற்றம்.

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேவைகளை எழுதித் தீர்மானம் போடுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், தயங்காமல் பேசுங்கள். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், தனி ஆள் ஜிபேக்கு வேண்டாம். ரசீது கொடுத்து, வாங்கிய பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டும் இல்லாத இடத்தில்தான்.

சுற்றுச்சுவர் மாதிரிப் பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. செலவில் மூன்றில் ஒரு பங்குப் பணத்தை ஊர் கட்டினால் மீதியை அரசு தரும். மதிப்பீடு போடும்போதே ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் மலைக்கு ஏற்றுகூலியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மணலும் செங்கல்லும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். கீழ்நாட்டு விலையில் போட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

வெளியூர் நன்கொடையாளர், முன்னாள் மாணவர், கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) என்றால் தமிழ்நாடு அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியாகப் போங்கள். பிளைவுட் மேசை வேண்டாம், பனியில் ஊறி உப்பிவிடும். இரும்பு பெஞ்ச் கேளுங்கள். ஆர்ஓ மெஷின் (குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம்) தருகிறேன் என்றால் முதலில் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பாருங்கள். மலைத் தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் அது தேவையில்லை, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரே போதும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 3 ஆண்டுக்கு ஃபில்டர் மாற்றும் செலவையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.